வி.எஸ்.எம். பூச்சியம் காட்டுகிறது: நியூத்திரனுக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: கொழும்பில் பௌதிகவியலில் முதுநிலை ஆய்வு செய்கிறேன். 3 நனோமீற்றர் இரும்பு, 1 நனோமீற்றர் குரோமியம் என 20 தடவை அடுக்கிய மென்படலம் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் செய்து வந்தது. வி.எஸ்.எம்.மில் (மாதிரியை அதிரவைத்து மொத்தக் காந்தமாக்கத்தை அளக்கும் கருவி) குறைந்த காந்தப் புலத்தில் காந்தமாக்கம் கிட்டத்தட்டப் பூச்சியம். இரும்பு அடுக்குகள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றனவா, டொமைன்கள் (காந்தமாக்கம் ஒரே பக்கம் நிற்கும் சிறு பகுதிகள்) தாறுமாறாகக் கிடக்கின்றனவா? இதை அறிய நியூத்திரன் கருவியொன்றில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாமா?
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: தாராளமாக விண்ணப்பியுங்கள். வி.எஸ்.எம். மொத்தத்தைத்தான் சொல்லும், எந்த அடுக்கில் எந்தப் பக்கம் என்று அதனிடம் கேட்க முடியாது. முனைவாக்கிய நியூத்திரன் தெறிப்பில் (ஸ்பின்னை ஒரு பக்கமாக ஒழுங்குபடுத்திய நியூத்திரன்களைப் படலத்தில் தெறிக்கவிடும் முறை) அதைத்தான் பார்க்கிறோம். நியூத்திரனுக்கு ஏற்றம் இல்லை, காந்தத் திருப்புதிறன் உண்டு. அதனால் அணுக்கருவும் அதைச் சிதறச் செய்யும், படலத்தின் காந்தமாக்கமும் சிதறச் செய்யும்.

உங்கள் அடுக்கின் ஆவர்த்தனம் 4 நனோமீற்றர். அதன் பிராக் உச்சி, அதாவது அடுக்குகளில் தெறித்த அலைகள் ஒன்றுசேரும் இடம், கியூ (தெறிப்பில் அலைத்திசையன் மாறும் அளவு; இங்கே 2π ஐ ஆவர்த்தனத்தால் வகுத்தது) 1.57 நனோமீற்றர்⁻¹ இல் வரும். இரும்பு அடுக்குகள் எதிரெதிராக நின்றால் காந்த ஆவர்த்தனம் 8 நனோமீற்றராகிவிடும். கியூ அச்சில் பாதித் தூரத்தில், 0.785 இல், புதிய உச்சி ஒன்று எழும். எக்ஸ்-கதிர் தெறிப்பில் அந்த இடத்தில் ஒன்றும் இராது. புலத்தைக் கூட்டக் கூட்ட அது தேய்ந்து மறைந்தால் வேறு சாட்சி வேண்டாம். அடுக்குக்கு அடுக்கு தொடர்பில்லாத டொமைன்கள் என்றால் அந்த உச்சியே வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு: டொமைன் சிறியது, ஆனால் மேலும் கீழும் எதிரெதிர். அப்போது அதே கியூவில் நேர்த்தெறிப்புக்கு (படுகோணமும் தெறிகோணமும் சமமானது) பக்கவாட்டில் சிதறல் பரவும். அதையும் பதிவுசெய்யச் சொல்லுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரும்பும் குரோமியமும் இதற்கென்றே அமைந்த சோடி. 10⁻⁴ நனோமீற்றர்⁻² அலகில் இரும்பின் சிதறல் நீள அடர்த்தி (நியூத்திரனை எவ்வளவு வலுவாகச் சிதறச் செய்யும் என்ற அளவு) கருவால் 8, காந்தத்தால் கூடக்குறைய 5. நிரம்பிய புலத்தில் (எல்லா இரும்பு அடுக்குகளும் புலத்தின் பக்கம் திரும்பிய நிலையில்) ஒரு ஸ்பின்னுக்கு இரும்பு 13 ஆகவும் மற்றதற்கு 3 ஆகவும் தெரியும். குரோமியமும் 3 தான்! அடுக்குகளிடையே வேறுபாடு தெரியாததால் அந்த ஸ்பின்னில் முதல் பிராக் உச்சி அநேகமாக இல்லாமலே போகவேண்டும். போனதும் முதலில் இதைப் பாருங்கள். மறையாவிட்டால் இடைமுகம் கலந்திருக்கலாம், அல்லது இரும்பின் திருப்புதிறன் குறைந்திருக்கலாம். நிரம்பும் புலம் எவ்வளவு என்பது உங்கள் வி.எஸ்.எம். வளைவிலேயே இருக்கும், 1988 இல் பிரெஞ்சு பௌதிகவியலாளர் ஆல்பர்ட் ஃபெர் குழுவின் 3/0.9 நனோமீற்றர் படலத்துக்கு 4.2 கெல்வினில் 2 தெஸ்லா வேண்டியிருந்தது.

0.5 நனோமீற்றர் அலைநீளத்தில் அந்த அரை உச்சி 1.8 பாகையில் விழும். 1 சென்ரிமீற்றர் மாதிரி கற்றைக்கு 0.3 மில்லிமீற்றர் உயரமாகத்தான் தெரியும், ஆகவே படலம் செய்தவர்களிடம் 2 சென்ரிமீற்றர் சதுரம் கேளுங்கள். மேலே சில நனோமீற்றர் பொன் அல்லது பிளாட்டினம் மூடி கட்டாயம்; நம்முடைய கடற்காற்றில் வெறும் இரும்பு நிலைக்காது. விண்ணப்பத்தில் 'பூச்சியப் புலம்' என்று எழுதாதீர்கள். ஸ்பின் குலையாமல் இருக்க மில்லிதெஸ்லா அளவில் வழிகாட்டிப் புலம் அங்கே எப்போதும் இருக்கும்.

நியூத்திரன் தரும் ஆராய்ச்சி அணுவுலை இலங்கையில் இல்லை. மும்பை துருவா உலையிலும், சிட்னிக்கருகே லூக்காஸ் ஹைட்ஸில் ஓபல் உலையின் பிளாட்டிபஸ் கருவியிலும் இந்த வசதி உண்டு. விண்ணப்பத்தோடு வி.எஸ்.எம். வளைவையும் எக்ஸ்-கதிர் தெறிப்பையும் இணையுங்கள். இரண்டாவது இல்லாத விண்ணப்பத்தை நான் மதிப்பிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன்.