கணினி அனுப்பும் குறுஞ்செய்தி நோயாளியின் மனத்தை அசைக்குமா?

தானியங்கி நினைவூட்டல்களால் நோயாளிகளின் நடத்தை மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறும். ஆனால் அசைப்பது கணினி அல்ல, அது சுமந்து வரும் வாக்கியம்.

லண்டனின் பார்ட்ஸ் ஹெல்த் மருத்துவமனைகளில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. வழக்கமான குறுஞ்செய்தி பெற்றவர்களில் சுமார் 11 சதவீதத்தினர் முன்பதிவு செய்தும் வரவில்லை. "வராவிட்டால் தேசிய சுகாதாரச் சேவைக்கு ஏறத்தாழ 160 பவுண்டு செலவு" என்று ஒரு வரி சேர்த்ததும் அது 8.4 ஆகக் குறைந்தது. அரசு நடத்தும் இந்தச் சேவையில் சிகிச்சைக்கு நோயாளி பணம் கட்டுவதில்லை; போகாமல் இருந்தால் யாருக்கு நட்டம் என்பது கண்ணில் படாது. அந்த எண் நட்டத்தைக் காட்டி, மனத்தில் சுருக்கென்று தைத்தது. எண்ணைச் சொல்லாமல், பணம் வீணாகும் என்று பொதுவாக எழுதியபோது அவ்வளவு பலன் இல்லை.

இந்த வித்தை மறதிக்காரரிடமும் அசட்டையாக இருப்பவரிடமும்தான் பலிக்கும் என்பது என் எண்ணம். புற்றுநோய்ப் பரிசோதனை முடிவுக்குப் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவரிடம் 160 பவுண்டு கணக்கு எடுபடாது. அவரைச் செவிலியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்ல வேண்டும்.