புரை திரும்ப வந்துவிட்டதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 67. மூன்று ஆண்டுகளுக்கு முன் வலது கண்ணில் புரை நீக்கி லென்ஸ் வைத்தார்கள். இப்போது மறுபடியும் மங்கலாகத் தெரிகிறது என்கிறார். 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. லேசர் வைத்தால் தெளிந்துவிடும் என்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: நீக்கிய புரை திரும்ப வராது. கண்ணின் இயற்கை லென்ஸ் மங்குவதுதான் புரை, அதை எடுத்தாயிற்று. ஆனால் அந்த லென்ஸை மூடியிருந்த மெல்லிய உறையை விட்டுவைப்பார்கள், செயற்கை லென்ஸ் அமர இடம் வேண்டுமே. உறையில் தங்கிய செல்கள் மெல்லப் பெருகிப் பின்பக்கம் பரவும்போது உறை மங்குகிறது. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரியும். அறுவை செய்தவர் மீது கோபம் வேண்டாம். நன்றாக நடந்த அறுவைக்குப் பிறகும் இது வருவதுண்டு.

இதற்குத்தான் யாக் லேசர். சொட்டு மருந்தால் கண்பாவையை விரித்து, உறையின் நடுவே சிறு திறப்பு போடுவார்கள். சில நிமிட வேலை. தையல் இல்லை, அன்றே வீடு திரும்பலாம். சில மணி நேரம் கண் அழுத்தம் உயரக்கூடும் என்பதால் அதை அளந்து பார்ப்பார்கள்.

ஆனாலும் உடனே லேசருக்குத் தேதி வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. காரணம், சர்க்கரை. அதனால் விழித்திரையின் மையத்தில் நீர் கோத்து வீங்கியிருந்தாலும் இதே மங்கல்தான். அப்படியானால் உறையைத் திறந்தும் பார்வை தெளியாது. அரிதாக, லேசருக்குப் பின் அந்த வீக்கம் கூடுவதும் உண்டு. எனவே விழித்திரைச் சோதனையும், விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேனும் முதலில். நீர் இருந்தால் பெவாசிசுமாப், ரானிபிசுமாப் போன்ற மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுவார்கள். ஒரே ஊசியில் முடிவது அபூர்வம். தொடக்கத்தில் பெரும்பாலும் மாதம் ஒன்று. உறை மிகவும் அடர்ந்து விழித்திரையே தெரியவில்லை என்றால் மட்டும் வரிசை மாறும், லேசர் முந்திக்கொள்ளும்.

கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிப் பார்ப்பது பணத்துக்குத்தான் கேடு. பழைய அறுவைச் சீட்டோடு விழித்திரை நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் கண் கூசும், துணைக்கு ஒருவர் வேண்டும்.

லேசருக்குப் பின் சில புள்ளிகள் மிதப்பது இயல்பு. புள்ளிகள் திடீரெனக் கூடினாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ விழித்திரை விலகுகிறதா என்று அன்றைக்கே பார்த்தாக வேண்டும்.