ஆலப்புழைக் கயிறு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊர் மில்களிலிருந்து நார் லாரி லாரியாக ஆலப்புழைக்குப் போகிறது. கயிற்றுக்கே பேர்போன ஊர், நாரை ஏன் நம்மிடம் வாங்க வேண்டும்?
- ஒரு வாசகர், கோபாலபுரம் (பொள்ளாச்சி)

அந்த ஊரில் நார் எடுக்கிற முறைதான் காரணம். நாம் மட்டை என்பதை அவர்கள் தொண்டு என்பார்கள். 10, 11 மாதக் காயின் பச்சை மட்டையை வலையில் கட்டிக் காயலில் அமிழ்த்தி, மேலே ஓலையும் சேறும் போட்டு 6 முதல் 10 மாதம் ஊறவிடுவார்கள். நாரைப் பிணைத்திருக்கும் பசையை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஏற்றமும் இறக்கமும் உள்ள நீர் என்றால் கழிவு அவ்வப்போது அலசிப் போகும், நார் பொன்னிறமாக வரும். தேங்கிய நீரில் ஊறினால் கறுத்துவிடும். பிறகு கொட்டுவடி என்ற மரக்கட்டையால் அடித்து, அலசி, காயவைத்து, ராட்டில் திரிக்க வேண்டும். 1000 மட்டைக்கு ஏறக்குறைய 80 கிலோ நார்தான் தேறும். அதற்காகப் போட்ட பணம் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கும்.

பொள்ளாச்சிப் பக்கம் தோப்புகள் பெரியவை. மட்டை ஒரே களத்தில் மலைபோல் குவிகிறது. நசுக்கி, நனைத்து, மில்லில் போட்டால் சில நாளில் நார் கையில். ஊறவைத்த நாரின் மென்மை இதற்கு வராது, விலைதான் இதன் பலம். ஆலப்புழையிலோ தென்னை வீட்டுக்கு நாலு, பத்து என்று நிற்கிறது. மட்டையைப் பொறுக்கிச் சேர்க்கிற கூலியே கட்டாது. எழுபதுகளில் மட்டை அடிக்கும் இயந்திரத்துக்குக் கேரளத்தில் கடும் எதிர்ப்பு இருந்தது. கொட்டுவடி பிடித்த பெண்களின் பிழைப்பு அதில் இருந்ததால் அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இயந்திரம் எல்லை தாண்டி நம் பக்கம் வந்து நின்றுகொண்டது.

கேள்வி: அங்கே இருந்த வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஏன் போயின?
- ஒரு வாசகி, சித்தூர் (பாலக்காடு)

முதலில் வந்த கதை. 1762-இல் துறைமுகம் திறந்தது. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் ஊரை வளர்த்தார். மழைக்காலத்திலும் கப்பல் நிற்க முடிந்ததற்குக் காரணம் கரையோரச் சேற்றுத்திட்டு, அவர்கள் சொல்லும் சாகரை. அது அலையை அடக்கிவிடும். 1859-இல் ஜேம்ஸ் டாரா என்ற அமெரிக்கர் முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1862-இல் கலங்கரை விளக்கமும், சரக்கு ஏற்றக் கடலுக்குள் நீளும் கடற்பாலமும் வந்தன.

1928-இல் கொச்சி உள்துறைமுகத்துக்குள் முதல் கப்பல் நுழைந்தது. அங்கே கப்பல் கரையோடு அணையும்; ஆலப்புழையில் படகில் ஏற்றிக் கடலில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். சரக்கு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1938-இல் பெரிய பொது வேலைநிறுத்தம். பின்னால் வெளிநாட்டில் செயற்கைத் தரைவிரிப்பு பெருகியது. முதலாளிகள் தறியை வீடுகளுக்குத் தள்ளிவிட்டார்கள். நெய்ததை டிப்போக்காரர் என்ற இடைத்தரகர் அடிமாட்டு விலைக்கு வாங்கினார். கம்பெனியில் மிஞ்சியது வெட்டுவது, சாயம் அச்சிடுவது, கட்டி அனுப்புவது. 1989-இல் துறைமுகம் ஓய்ந்தது. அதே ஆண்டுதான் ரயில் வந்தது, வேடிக்கைதான்.

கேள்வி: வாய்க்கால் கரையில் கயர் பூவஸ்திரம் (மண் அரிக்காமல் காக்கும் கயிற்று வலை) விரித்தோம். ஒரே மழையில் மண்ணோடு போய்விட்டது. சரக்கு மோசமா?
- ஒரு விவசாயி, கொழிஞ்சாம்பாறை

பெரும்பாலும் விரிப்பில்தான் பிழை இருக்கும். வலை மண்ணோடு ஒட்டிப் படிய வேண்டும். குழியும் கல்லும் உள்ள சரிவில் விறைப்பாக இழுத்துக் கட்டினால் தண்ணீர் அடியில் புகுந்து மண்ணை அரிக்கும். மேலே வலை அழகாக நிற்கும், கீழே ஒன்றும் இருக்காது. சரிவைச் சீவிச் சமப்படுத்துங்கள். கரையின் தலைப்பில் ஓர் அடி ஆழச் சால் வெட்டி, வலையின் முனையை அதற்குள் மடக்கி, முளை அடித்து, மண்ணைப் போட்டு மிதியுங்கள். இதை விட்டவர்களுக்கே அதிகம் பிடுங்கிக்கொண்டு போகிறது. மேலிருந்து கீழாகத் தளர்வாக விரியுங்கள். இரண்டு வலை சேரும் இடத்தில் ஒட்டு 15 சென்டிமீட்டராவது இருக்கட்டும். நீர் வரும் பக்கத்து வலை மேலே ஏற வேண்டும். மீட்டருக்கு ஒரு மூங்கில் முளை. சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என எடையில் கிடைக்கும். வேகமாக நீர் ஓடும் செங்குத்துக் கரைக்கு 400 போதாது. இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்பே விரித்துப் புல் நட்டுவிடுங்கள். கயிறு இரண்டு மூன்று ஆண்டில் மக்கிவிடும், அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும்.

கேள்வி: கயிற்று மிதியடியை (கால்மிதி) கைத்தறியில் நெய்தது என்று விற்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?
- ஒரு வாசகி, வேலந்தாவளம்

திருப்பிப் பாருங்கள். பாவும் ஊடையும் கண்ணுக்குத் தெரிந்தால் நெய்தது. வழவழப்பாகப் பி.வி.சி. பூச்சு இருந்தால் இயந்திரத்தில் குத்தி ஒட்டியது. பின்னது மோசம் என்றில்லை, ஆனால் தண்ணீர் கீழே இறங்காது. மழை அடிக்கும் வாசலில் போட்டால் நார் ஊறியே கிடக்கும். கூரைக்குக் கீழே போடுங்கள்.

கேள்வி: குழந்தைகளைக் கூட்டிப் போனால் எதைக் காட்டலாம்?
- ஒரு வாசகர், மீனாட்சிபுரம்

கலவூரில் கயிற்று அருங்காட்சியகம் இருக்கிறது. பிறகு கடற்கரை. மிச்சமிருக்கும் பழைய கடற்பாலத் தூண்களைப் பார்த்தால், சரக்கு எந்த வழியாகப் போனது என்று நீங்களே விளக்கிவிடலாம்.