கேளுங்கள் சொல்கிறேன்: கற்றை மேல் தப்பா, லேசர் மேல் தப்பா?

ஜப்பானில் ட்சுகுபா நகரத்து கேஇகே துகள் இயற்பியல் ஆய்வகத்தின் சோதனை முடுக்கியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன் என்று சென்ற இதழில் போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. இந்த முறை எல்லாப் பக்கமும் அதற்கே.

செர்ன் தெரியும், 27 கிலோமீட்டர் வளையம் தெரியும். அது என்ன 'சோதனை முடுக்கி'? அதில் எந்தத் துகளைக் கண்டுபிடித்தீர்கள்?
– கல்லூரி மாணவி, கரூர்

ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை அம்மா. கண்டுபிடிக்கும் உத்தேசமும் அங்கே யாருக்கும் கிடையாது.

எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் எதிரெதிரே ஓடவிட்டு மோத வைக்கும் ஐஎல்சி என்ற நேர்கோட்டு முடுக்கிக்கு நெடுங்காலமாகத் திட்டம் போடுகிறார்கள். வளைய முடுக்கியில் இந்தச் சுற்றில் மோதாத துகள் அடுத்த சுற்றில் மோதிக்கொள்ளும். நேர்கோட்டில் அந்தச் சலுகை இல்லை. வந்தது வந்ததுதான், தவறினால் குப்பைக்கு. அதனால் மோதும் இடத்தில் கற்றையை, அதாவது ஓடிவரும் துகள் கூட்டத்தை, அநியாயத்துக்கு மெலிய வைக்க வேண்டும். ஐஎல்சி வடிவமைப்பில் உயரவாக்கில் 7.7 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து லட்சம் நானோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இது நடக்கிற காரியமா என்று பெரிய முடுக்கியைக் கட்டிவிட்டா பார்க்க முடியும்? அதற்குத்தான் நான் வேலை பார்த்த அந்தச் சோதனை முடுக்கி, ஏடிஎஃப். எலக்ட்ரானை 1.3 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வரை ஓட்டும் சின்ன முடுக்கி. அதை அடுத்து 138 மீட்டர் சுற்றளவுள்ள வளையம். வளையத்தில் திரும்பத் திரும்ப எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து தன் அலைபாய்ச்சலை இழக்கும், இழந்த ஆற்றலை முன்னோக்கி மட்டும் கொடுப்போம். சுற்றச் சுற்றக் கற்றை அடங்கிவிடும். 1997 முதல் ஓடும் வளையம் அது. அடங்கிய கற்றையை வெளியே எடுத்து, காந்தங்களால் ஒரு புள்ளியில் குவிக்கும் பாதைதான் ஏடிஎஃப்-2, 2008 கடைசியில் தயாரானது. அதன் இலக்கு 37 நானோமீட்டர். ஐஎல்சி அளவைவிடப் பெரிதாயிற்றே என்று கேட்பீர்கள். ஆற்றல் குறைந்தால் கற்றை தடிக்கும். 1.3-இல் 37 எட்டுவதும் அங்கே 7.7 எட்டுவதும் ஏறக்குறைய ஒரே சிரமம்.

37 நானோமீட்டரை எந்த அளவுகோலால் அளப்பீர்கள்? கோலே அதைவிடத் தடியாக இருக்குமே?
– ஜவுளிக்கடைக்காரர், ஈரோடு

அளப்பதில் பழகிய கை என்று தெரிகிறது. என்னைக் கேட்டால் அங்கே நடந்த வேலையில் பாதி இதுதான்.

வழக்கமாக மெல்லிய கம்பி ஒன்றைக் கற்றைக்குக் குறுக்கே நகர்த்தி, சிதறி வருவதை எண்ணுவோம். கம்பியே சில மைக்ரான் பருமன், ஆக நானோமீட்டருக்கு அது ஆகாது. ஷிண்டாகே என்ற ஜப்பானிய இயற்பியலாளர் கம்பிக்குப் பதிலாக ஒளியையே வைத்தார். ஒரே லேசரை இரண்டாகப் பிரித்து எதிரெதிரே விட்டால், சந்திக்கும் இடத்தில் வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று வரிவரியாக நிற்கும். ஏடிஎஃப்-2 லேசர் 532 நானோமீட்டர் பச்சை. 174 டிகிரியில் சந்திக்கவிட்டால் வரிக்கு வரி 266 நானோமீட்டர்.

வெளிச்ச வரியில் போகும் எலக்ட்ரான் ஒளித்துகளை மோதி காமாக் கதிராகத் தள்ளிவிடும். இருட்டு வரியில் சும்மா போய்விடும். இப்போது வரிகளை மெல்ல நகர்த்திக்கொண்டே காமாவை எண்ண வேண்டும். கற்றை மெலிந்திருந்தால் எண்ணிக்கை நன்றாக ஏறி இறங்கும். தடித்திருந்தால் ஒரே சமமாக வரும். சீப்புப் பல்லின் மேல் ஊசியை இழுத்தால் ஒவ்வொரு பல்லும் தட்டும், கட்டைவிரலை இழுத்தால் தட்டாது. அவ்வளவுதான் தத்துவம்.

வில்லங்கம் இனிமேல்தான். லேசர் கொஞ்சம் அதிர்ந்தாலும், பிரித்த இரண்டு பங்கும் சமமாக இல்லாவிட்டாலும், அந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். அதாவது, கருவி சொதப்பினால் கற்றை தடித்துத்தான் தெரியும், மெலிந்து தெரியாது. ஒரு ராத்திரி திரையில் தட்டைக் கோடு வருகிறது என்றால், கற்றை தடிமனா, லேசர் சரியில்லையா? கோட்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. கற்றைக்காரர்கள் "லேசரைப் பாருங்கள்" என்பார்கள். லேசர்காரர்கள் "முதலில் கற்றையைச் சரிபண்ணுங்கள்" என்பார்கள். இரண்டு பேரும் சொல்வது நியாயமாகவே இருக்கும்.

பல நாட்டுக்காரர்கள் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் ஒத்துவருமா? யார் பணம், யார் பெயர் என்று தகராறு வராதா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

தகராறு பணத்தில் அதிகம் வராது. 2005-இல் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. பெரும்பாலும் காசாகக் கொடுக்காமல் பொருளாகவும் ஆளாகவும் கொடுப்பது வழக்கம். காந்தங்களில் கணிசமானவை பெய்ஜிங்கின் ஐஹெப் நிறுவனத்தில் செய்து வந்தவை. குவியும் புள்ளிக்கு முந்தைய கடைசி இரண்டு காந்தங்கள் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்திலிருந்து. அவை உட்காரும் மேசை பிரான்ஸின் ஆன்சியிலிருந்து வந்தது. மேசையும் தரையும் ஒன்றாக அசைய வேண்டும், இடையில் துளி ஆட்டமும் கூடாது என்பதற்காக அதைத் தேன்மெழுகு வைத்துத் தரையோடு ஒட்டினார்கள். நானோமீட்டர் விவகாரத்தில் தேன்மெழுகா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிடிப்பும் இருக்கும், தேவைப்பட்டால் பெயர்க்கவும் வரும், அதைவிடத் தோதான பசை வேறென்ன? கற்றை விலகினால் அதே நொடித்துணுக்குக்குள் திருப்பிவிடும் மின்னணு வேலை ஆக்ஸ்ஃபோர்டு ஆட்களுடையது. லேசர் கருவியும் ஸ்லாக்கில் இதற்கு முந்தைய சோதனையில் இருந்ததுதான். தோக்கியோ பல்கலைக்கழகத்தார் அதைப் புதுப்பித்து, அலைநீளத்தைப் பாதியாக்கி மாட்டினார்கள்.

தகராறெல்லாம் கற்றை நேரத்தில்தான். முடுக்கி ஒன்று, கேட்கிற கை பல. நான் கற்றையின் இருப்பிடம் காட்டும் கருவிகளோடு ஒட்டிக்கொண்டவன். அந்தக் கருவிகள் சொல்வது சரியா என்று பார்க்க வேண்டுமானால் கற்றையை வேண்டுமென்றே தள்ளிப் பார்க்க வேண்டும். மெலிய வைக்கிறவர்களுக்கோ அது ஆடவே கூடாது. பாதி ராத்திரியில், ஒருவர் ஆறு மணி நேரம் பாடுபட்டு நிறுத்திய கற்றையை "கொஞ்சம் தள்ளிக்கொள்ளட்டுமா?" என்று கேட்கப் போனால் என்ன முகம் காட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பாடு என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். அறுமுனைக் காந்தங்களை மைக்ரான் கணக்கில் நகர்த்துவார்கள். ஒவ்வொன்றாக நகர்த்தினால் ஒரு குறையைத் தீர்க்கப் போய் இன்னொன்று கிளம்பும். அதனால் பல காந்தங்களைச் சேர்த்து, ஒரு குறையை மட்டும் தொடும்படி கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அதற்கு 'நாப்' என்று பெயர், ரேடியோவில் திருகுவோமே அதே நாப். ஒரு நாப்பைத் திருகு, லேசரால் அள, திரையில் ஒரு புள்ளி. இன்னும் கொஞ்சம் திருகு, இன்னொரு புள்ளி. சில புள்ளி சேர்ந்ததும் வளைகோடு போட்டு உச்சத்தில் நிறுத்து. அடுத்த நாப். கற்றை வருவதே நொடிக்கு மூன்று முறைதான், அவசரப்பட வழியில்லை. எல்லாம் முடிந்து முதல் நாப்புக்குத் திரும்பினால் அது இதற்குள் நகர்ந்திருக்கும். தானியங்கி இயந்திரத்தில் வாங்கிய சூடான டப்பா காபியோடு நாலு நாட்டு ஆட்கள் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தில் யார் எந்த நாடு என்ற நினைப்பு யாருக்கும் வராது. தூக்கம்தான் வரும்.

பெயர் என்றால், கட்டுரைகளில் ஆசிரியர் பட்டியல் பக்கத்தை அடைக்கும். உங்கள் வீட்டில் காட்டினால் உங்கள் பெயரைத் தேடவே நேரமாகும்.

நிலநடுக்கம் அடிக்கடி வரும் நாட்டில் இதை ஏன் வைத்தார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

ஆட்களும் ஆய்வகமும் அங்கே இருந்ததால். தரையை ஆழத் தூண் இறக்கி, தடித்த கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். 2011 மார்ச் 11 பெரிய நிலநடுக்கத்துக்கு அது போதவில்லை. காந்தங்கள் இடம் பெயர்ந்தன. எல்லாவற்றையும் மறுபடி அளந்து வரிசைப்படுத்தி அந்த ஆண்டே கற்றையை ஓட்டினார்கள். பெயர்ந்த காந்தத்தைப் பழைய இடத்தில் வைப்பது புதிதாகக் கட்டுவதைவிடச் சலிப்பான வேலை.

பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆபத்தா?
– இல்லத்தரசி, சேலம்

இல்லை. மின்சாரத்தை நிறுத்தினால் கற்றை அங்கேயே செத்தது. ஓடும்போது தடித்த சுவருக்குள் ஓடும், கதவு திறந்தால் தானே நின்றுவிடும்.

இதில் இந்தியா உண்டா?
– பள்ளி ஆசிரியர், விருதுநகர்

இதே போன்ற வேலையில் நன்றாகவே உண்டு, ஆனால் அமெரிக்காவில். சிகாகோ அருகே ஃபெர்மிலாப்பில் பிப்-2 என்ற புரோட்டான் முடுக்கிக்கு நம் அணுசக்தித் துறை பங்காளி. அதற்கு முன்னோட்டமாக அங்கே ஒரு சோதனை முடுக்கி ஓட்டினார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்த ரேடியோ அலைப் பெருக்கிகள் அதில் ஓடிக் காட்டின.

ஐயா, இலக்கு 37. கிடைத்தது 41 என்று இணையத்தில் படித்தேன். பாஸ் மார்க் வாங்கவில்லையே?
– பொறியியல் மாணவர், கோவை

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். 1994-இல் ஸ்லாக் சோதனையில் 70 வாக்கில் கிடைத்தது. ஏடிஎஃப்-2-இல் 2014-இல் 44, 2016-இல் 41. கருவி எப்போதும் தடித்தே காட்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா? நிஜமான கற்றை 41-ஐவிட மெலிந்திருக்கலாம். ஆகவே அளவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, குவிக்கும் முறை வேலை செய்கிறது என்று காட்டியாயிற்று.

என்னை உறுத்துவது வேறு. கற்றை கொத்துக் கொத்தாகத்தான் வரும். அந்த 41 கிடைத்தது ஒரு கொத்துக்குச் சுமார் 100 கோடி எலக்ட்ரானில். வடிவமைப்பு சொன்னது 500 கோடி. எண்ணிக்கையைக் கூட்டக் கூட்டக் கற்றை தடிக்கிறது. முன்னே போகும் எலக்ட்ரான்கள் குழாயின் ஒவ்வொரு மடிப்பிலும் இணைப்பிலும் மின்புலத்தைக் கிளறிவிட்டுப் போக, பின்னே வருபவை அதில் மாட்டித் தள்ளாடுகின்றன. மடிப்புள்ள குழாய்களுக்குக் கவசம் போட்டார்கள், சில கருவிகளைக் கழற்றினார்கள், இடம் மாற்றினார்கள். கழற்ற வேண்டிய சாமான் பட்டியலில் இருப்பிடம் காட்டும் கருவிகளும் இருந்தன என்பதால் எங்கள் குழு அந்தக் கூட்டங்களில் கொஞ்சம் சத்தமாகவே பேசியது. பெரிய ஆற்றலில் இந்தத் தள்ளாட்டம் வெகுவாகக் குறையும், ஆகவே ஐஎல்சிக்கு இது பெரிய தடை இல்லை என்பது கணக்கு. கணக்கை நானும் நம்புகிறேன். ஆனாலும் 500 கோடியில் ஒரு முறை ஏற்ற இறக்கத்தைத் திரையில் பார்த்துவிட்டால், உங்கள் கேள்விக்கு இரண்டே வரியில் பதில் எழுதியிருப்பேன்.