துடியான பிள்ளைக்கு எந்த நிறம்?

துடியான சிறுமி ஒருத்தியைப் பற்றிய படப் புத்தகத்தில் அவள் குணத்தை நிறத்தால் எப்படிக் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளை மடுவத்தில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறேன். கதை எங்கள் மலையில் நடந்தால், சிவப்புக் கொடுங்கள் என்பேன்.

இங்கே கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் பச்சை. ஓவியர்களின் நிறச் சக்கரத்தில் அதற்கு நேர் எதிரே சிவப்பு இருக்கிறது. இரண்டும் அருகருகே வந்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். அதனால் நகமளவு சிவப்பே போதும். சட்டை, ரிப்பன், குடை எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் பிள்ளை அதற்குள் தொலைந்துபோவாள். திரையில் மின்னும் பச்சை அச்சில் மங்கும் என்பதால், முதலிலேயே ஒரு பக்கத்தை அச்சடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தி நேரக் காட்சியில் கவனம் தேவை. வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்கு முதலில் கறுத்துப்போவது சிவப்புத்தான். லயன் எனும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் வாசலில் அம்மாவுக்காகக் காத்திருக்கும் சிறுமியின் சட்டையை அப்போது கருஞ்சிவப்பாகவே தீட்டுங்கள். துடியான பிள்ளையும் சில நேரம் அப்படி அடங்கி உட்கார்ந்திருப்பாள்.

நிறத்தைவிடக் கோட்டின் அழுத்தம் அதிகம் பேசும். எங்கள் மடுவத்தில் நான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி தன்னையே வரைந்தாள். அழுத்திய அழுத்தத்தில் பாஸ்டல் வண்ணக்குச்சி இரண்டாக முறிந்தது. முறிந்த துண்டாலேயே வரைந்து முடித்தாள். கண், மூக்கு எதுவும் இல்லை. ஆனாலும் அது யார் என்று மற்றப் பிள்ளைகள் உடனே சொன்னார்கள். அந்தப் படத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அமெரிக்க எழுத்தாளரும் ஓவியருமான மொரிஸ் சென்டாக் 1963இல் வெளியிட்ட 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' என்ற சிறுவர் படப் புத்தகத்தைப் பாருங்கள். குழப்படி செய்த மக்ஸ் போட்டிருப்பது வெள்ளை ஓநாய் உடுப்பு. முதலில் சிறிதாக இருக்கும் படங்கள், அவன் கற்பனை விரிய விரியப் பெரிதாகிப் பக்கத்தை நிறைக்கின்றன. ஓரிடத்தில் சொற்களே இல்லாமல் போகின்றன. அவன் துடிப்பை அங்கே படத்தின் அளவு சொல்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைசிப் பக்கத்தில் அவளைத் திருத்தி, சாதுவாக்கி, வெளிர் நிறத்தில் நிறுத்திவிடாதீர்கள். தப்புச் செய்திருந்தால் மன்னிப்புக் கேட்கட்டும், அம்மா மடியில் தூங்கட்டும். சட்டை மட்டும் அதே சிவப்பாக இருக்கட்டும்.