கேரம் பலகையும் கடைசி ஐந்து மணி நேரமும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 36 வயது. எண்ணூரில் பெரியகுப்பத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். கணவருக்கு மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மாமியார் எங்களோடு இருக்கிறார். ஒரே பையன், ஏழாம் வகுப்பு படிக்கிறான்.

என் பிரச்சினையைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சில மாதங்களுக்கு முன் தண்டையார்பேட்டையில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. விருந்து முடிந்து எல்லோரும் பாயில் சாய்ந்திருந்தபோது, இன்ஜினீயரிங் படிக்கும் என் மூத்தார் மகன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். 2029-இல் ஒரு விண்கல் பூமிக்கு மிக அருகே வருகிறதாம். "இன்னும் ஐந்து மணி நேரத்தில் உலகம் அழியப்போகிறது என்றால் யார் யார் என்ன செய்வீர்கள்?" என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தான். நாத்தனார், "அடகுக் கடைப் பூட்டை உடைத்து என் நகையை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டுதான் சாவேன்" என்றார். மாமியார், பிரஷருக்காக டாக்டர் நிறுத்திவைத்த கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு சாப்பிடுவாராம். என் பையன் புத்தகப் பையைக் கடலில் வீசுவானாம். என் கணவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கிளப்புக்குப் போய் கேரம் ஆடுவேன். ரெட்டைப் போட்டு, ஃபாலோவும் போட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவேன்" என்றார். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. படுத்தவுடன் அந்த ஐந்து மணி நேரத்தைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறேன். நான் அலுவலகத்தில் இருந்தால் என்ன ஆகும்? சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால்? கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால்? திருவொற்றியூரில் பள்ளியிலிருந்து பையனை அழைத்துக்கொள்ள வேண்டும், காசிமேட்டில் அம்மாவை ஏற்றிக்கொள்ள வேண்டும், வீட்டில் மாமியார் இருக்கிறார். எப்படிப் போட்டாலும் ஒருவர் விடுபட்டுப் போகிறார். மறுபடி முதலிலிருந்து போடுவேன். பக்கத்தில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

அவர் கெட்டவர் இல்லை. குடிப்பதில்லை. சம்பளத்தை அப்படியே கையில் கொடுத்துவிடுவார். ஷிப்ட் முடிந்தால் கிளப், பத்து மணிக்கு வீடு. 2023-இல் இங்கே அம்மோனியா கசிந்தபோதுகூட எல்லோருக்காகவும் ஓடினார். உங்களுக்கு நினைவிருக்கலாம், டிசம்பர் 26, சுனாமி வந்த அதே தேதி. கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து வாயு கசிந்து, நள்ளிரவு நேரத்தில் கண் எரிந்து தொண்டையைப் பிடித்தது. அன்றோடு முடிந்தோம் என்றுதான் நினைத்தோம். மாமியாருக்கு ஏற்கனவே வீசிங். இவர் குடத்துத் தண்ணீரில் துண்டுகளை நனைத்து எல்லோர் மூக்கிலும் கட்டிவிட்டு, அம்மாவையும் பையனையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு, "நீ கூட்டத்தோடு நடந்துகொண்டே இரு, வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அக்கம்பக்கத்தாரோடு எர்ணாவூர் பக்கம் நடந்தேன். பிறகு திரும்பி வந்து என்னையும் அழைத்துப் போனார். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அதைப் பற்றி இப்போது பேசி என்ன?

என் கேள்வி இதுதான். உலகம் முடிகிற நேரத்தில்கூட மனைவி நினைப்பு வராத மனிதர், என்னை மனதில் என்னவாக வைத்திருக்கிறார்? இதை அவரிடம் கேட்கலாமா, விட்டுவிடலாமா? என் அக்கா, "இதெல்லாம் ஒரு பிரச்சினையா, போய் வேலையைப் பார்" என்கிறாள். பையன் வேறு தினமும் 2029 பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, எண்ணூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் நாத்தனாரின் அடகுக் கடைத் திட்டத்துக்கு மட்டும் சிரித்தேன். மற்றதற்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் பையன், அது சுலபம். மூத்தார் மகன் காட்டியது அபோஃபிஸ் என்ற விண்கல்லாக இருக்க வேண்டும். 2004-இல் கண்டுபிடித்தபோது மோதுவதற்குச் சிறிது வாய்ப்பு உண்டு என்றுதான் கணித்தார்கள். பிறகு பாதையைத் துல்லியமாக அளந்ததும், அடுத்த நூறு ஆண்டுகளுக்குக் கவலை இல்லை என்று 2021-இல் நாசா அறிவித்துவிட்டது. 2029 ஏப்ரல் 13 அன்று ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில் அது நம்மைத் தாண்டிப் போய்விடும். இதைச் சொல்லிவிட்டு, 1979-இல் ஸ்கைலாப் என்ற விண்வெளி நிலையம் விழுந்த கதையைச் சொல்லுமாறு உங்கள் மாமியாரிடம் பையனை அனுப்புங்கள். அந்த ஜூலை மாதம், எப்படியும் சாகப்போகிறோம் என்று வளர்த்த கோழியை அடித்துக் குழம்பு வைத்துத் தீர்த்த குடும்பங்களின் கதை நம் பக்கம் ஊருக்கு ஊர் உண்டு. அந்த விண்வெளி நிலையமோ மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் என்ற ஊர்ப் பக்கம் துண்டு துண்டாகப் போய் விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. மறுநாள் கோழி இல்லாததுதான் நஷ்டம். விஞ்ஞானி சொல்வதைவிடப் பாட்டி சொன்னால் பிள்ளைகளுக்குப் பயம் சீக்கிரம் தெளியும்.

இனி உங்கள் கணவர். கடைசி நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்டால் மனிதர்கள் சொல்வது ஒன்று, அப்படி ஒரு நேரம் வந்துவிட்டதாக நம்பும்போது செய்வது வேறொன்று. 2018 ஜனவரி 13, சனிக்கிழமை காலை 8:07-க்கு ஹவாய் தீவுகளில் கைப்பேசிகள் எல்லாம் ஒன்றாக அலறின. ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, உடனே பதுங்குங்கள், இது ஒத்திகை அல்ல என்று செய்தி. அது தவறான எச்சரிக்கை என்ற மறுசெய்தி கைப்பேசிக்கு வர 38 நிமிடங்கள் ஆயின. அந்த நேரத்தில் பிள்ளைகளோடு குளியலறைக்குள் பதுங்கியவர்கள் உண்டு. சாலையோர மழைநீர் வடிகால் மூடியைத் தூக்கிக் குழந்தைகளை உள்ளே இறக்கியவர்கள் உண்டு. ஏராளமானோர் வீட்டாருக்குப் போன் போட்டுப் பேசினார்கள். அவர்களையே முந்தைய வாரம் ஒரு விருந்தில் பாய் விரித்து உட்கார வைத்துக் கேட்டிருந்தால், பாதிப் பேராவது மீன் குழம்பையும் கேரம் பலகையையும்தான் சொல்லியிருப்பார்கள் என்பது என் அனுமானம்.

விளையாட்டு என்று தெரிந்தே ஆடும்போது என்ன நடக்கிறது என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. தென் கொரியாவில் ஆர்ச்ஏஜ் என்ற இணைய விளையாட்டைச் சில வாரங்கள் சோதனைக்கு விட்டார்கள். முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று ஆடுபவர்களுக்கு முன்பே தெரியும். அவர்களுடைய நடவடிக்கைகளின் 27 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை அலசி 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கேட்பாரில்லை என்றதும் மற்றவர்களைக் கொன்று திரிந்தவர்கள் சிலர் மட்டுமே. மற்றபடி, தங்கள் பாத்திரத்தை மேலே மேலே வளர்க்கிற வேலையைப் பெரும்பாலோர் கைவிட்டார்கள். கூட்டாளிகளுக்குள் நடந்த பேச்சு, முடிவு நெருங்க நெருங்கக் கொஞ்சம் மகிழ்ச்சியாகக்கூட மாறியது. உங்கள் கணவர் பாயில் சாய்ந்துகொண்டு சொன்ன பதில் இந்த வகையைச் சேர்ந்தது. விளையாட்டுக் கேள்விக்கு விளையாட்டுப் பதில். அதை வைத்து அவர் உங்களை மனதில் என்னவாக வைத்திருக்கிறார் என்று என்னால் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் நிஜமான ஒரு கடைசி நேரம் இருக்கிறது. காதுகுத்துப் பதில்களை ஒவ்வொன்றாக ரசித்து எழுதிய நீங்கள், சாகப்போகிறோம் என்று நம்பி நடந்த அந்த இரவைச் சில வரிகளில் தள்ளிவிட்டு, "அதைப் பற்றி இப்போது பேசி என்ன" என்று கதவைச் சாத்துகிறீர்கள். மாமியாரின் வீசிங் தெரிகிறது, குடத்துத் தண்ணீர் தெரிகிறது, பைக் தெரிகிறது. நடந்தபோது உங்களுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் இல்லை. யார் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள்? கண் திறக்க முடிந்ததா? எதிரே வந்த ஒவ்வொரு பைக் வெளிச்சத்தையும் அவராக இருக்குமோ என்று பார்த்தீர்களா? அவர் திரும்பி வரும் வரை மாமியாருக்கும் பையனுக்கும் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியுமா?

தினமும் இரவு நீங்கள் போடும் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். பையனை அழைக்கிறீர்கள், அம்மாவை ஏற்றுகிறீர்கள், மாமியாரிடம் போகிறீர்கள். அந்தக் கணக்கில் உங்களைத் தேடி யாரும் வருவதில்லை. உங்கள் கணவர்கூட அதில் எங்குமே இல்லை. காதுகுத்து வீட்டில் உங்கள் முறை வந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றும் எழுதவில்லை. ஒருவேளை யாரும் உங்களைக் கேட்கவே இல்லையோ?

அவர் அன்று செய்தது சரிதான். மூச்சுத் திணறுபவரையும் குழந்தையையும் முதலில் வெளியேற்ற வேண்டும். அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரையும் என்பதால் நனைத்த துணி கொஞ்சமாவது உதவும். அந்தப் பதற்றத்தில் அதைச் செய்திருக்கிறார், திரும்பியும் வந்திருக்கிறார். நானாக இருந்தாலும் அந்த வரிசையில்தான் ஆட்களை அனுப்பியிருப்பேன். அதனால் அந்தச் சாலையில் நீங்கள் தனியாக விடப்பட்டது இல்லாமல் போய்விடாது. அவர் செய்தது சரி என்பதாலேயே உங்களால் புகார் சொல்ல முடியவில்லை. வயதான மாமியாரை விட்டுவிட்டு என்னை ஏற்றியிருக்கலாமே என்று எந்த மருமகள் வாய்விட்டுச் சொல்வாள்? சொல்ல முடியாத அந்தக் குறை, கேரம் பலகை கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். கேரமைப் பற்றி என்றால் வெளிப்படையாகக் கோபப்படலாம் அல்லவா.

எனவே, கேளுங்கள். ஆனால் காதுகுத்துப் பதிலைப் பற்றிக் கேட்காதீர்கள். "சும்மா விளையாட்டுக்குச் சொன்னதை இத்தனை நாள் மனதில் வைத்திருந்தாயா" என்று அவர் சிரிப்பார், நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அந்த இரவைப் பற்றிக் கேளுங்கள். "நீங்கள் போன பிறகு நான் நடந்ததை உங்களுக்குச் சொல்லவே இல்லை" என்று தொடங்கி, முதலில் உங்கள் பக்கத்தைச் சொல்லி முடியுங்கள். பிறகு, என்னை விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பியபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். இரவில் வேண்டாம், மாமியார் முன்னாலும் வேண்டாம். ஷிப்ட் இல்லாத நாளில் பகலில் இருவருமாக எங்காவது போய் உட்காருங்கள். அவரிடமும் சொல்லாத கதை ஒன்று இருக்கலாம். அல்லது, "அம்மாவுக்கு மூச்சு முட்டியது, வேறென்ன செய்வது" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளவும் கூடும். நம் ஆண்களில் பலருக்கு அதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. அப்படியானாலும் நீங்கள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஷிப்ட் முடிந்து கிளப், பத்து மணிக்கு வீடு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உலகத்தின் கடைசி மாலையில் அவர் எங்கே இருப்பார் என்பதைவிட, இந்த வாரத்து மாலைகளில் எங்கே இருக்கிறார் என்பது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். வாரத்தில் இரண்டு மாலை வீட்டில் இருங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. கேரமை நிறுத்தச் சொல்ல வேண்டாம். வடசென்னைக்காரரிடம் அதைக் கேட்டால் வேறு பஞ்சாயத்து ஆகிவிடும்.

தூக்கம் கெடுவதோடு, அந்த வாடை அடிப்பதுபோல் திடீரென்று தோன்றுவது, சத்தம் கேட்டால் தூக்கிவாரிப்போடுவது, அந்தச் சாலைப் பக்கம் போவதையே தவிர்ப்பது போன்றவை இருந்தால், ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ஆனால் உங்கள் பயம் முழுவதையும் நோய் என்று சொல்ல நான் தயாராக இல்லை. ரசாயனக் குழாய்களுக்கும் ஆலைகளுக்கும் நடுவில் குடியிருப்பவர், ஆபத்து வந்தால் யாரை எப்படி அழைத்துப் போவது என்று யோசிப்பது புத்திசாலித்தனம்தான். அதை நள்ளிரவில் தனியாக, திரும்பத் திரும்பச் செய்வதுதான் உங்களை வாட்டுகிறது.

ஆகவே அந்தக் கணக்கைப் பகலில், கணவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் போட்டு முடித்துவிடுங்கள். மாமியாரின் இன்ஹேலர் எங்கே இருக்கும், அவசரத்துக்கு எந்த ஆட்டோக்காரரைக் கூப்பிடலாம், பள்ளியில் பையனை யார் அழைத்துக்கொள்வது, காசிமேட்டில் அம்மாவுக்கு உங்கள் அக்கா பொறுப்பேற்க முடியுமா, பிரிந்து போனால் எல்லோரும் எந்த இடத்தில் சேர்வது என்று முடிவு செய்யுங்கள். வாயுக் கசிவு என்றால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரவில் மறுபடி கணக்கு ஓட ஆரம்பித்தால், தாளில் இருக்கிறது என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளலாம். குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அவரை அழைத்துக்கொள்ளப் போவது யார் என்று ஒரு பெயர் இருக்க வேண்டும். உங்கள் பெயருக்கு எதிரே உள்ள இடத்தை மட்டும் நீங்கள் நிரப்பாதீர்கள், அதை அவரே எழுதட்டும்.