இரும்பு முள் ஷூவும் பையனின் குதிகால் வலியும்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. குடியாத்தத்தில் பள்ளி பேஸ்பால் அணியில் ஆடுகிறான். அவன் மாமா இரும்பு முள் வைத்த ஸ்பைக்ஸ் ஷூ வாங்கித் தந்தார். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாகவே எடுத்துவிட்டார். அதைப் போட்டு ஆட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு குதிகாலும் வலிக்கிறது என்கிறான். ஆட்டத்தை நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. சில வாரங்கள் ஓட்டத்தைக் குறைக்கட்டும். ஷூவை மட்டும் உடனே மாற்றுங்கள்.

சுமார் 8 முதல் 14 வயது வரை குதிகால் எலும்பின் பின்பகுதி முழுதாகக் கூடியிருக்காது. இடையில் குருத்தெலும்பு இருக்கும். எலும்பு வளரும் வேகத்துக்குக் கெண்டைச்சதை ஈடுகொடுக்காமல் இறுகி, ஓடும்போதெல்லாம் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கும். சீவர் நோய் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், எலும்பு கூடியதும் போய்விடும். குதிகாலை இரு பக்கமும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். வலியில் பையன் துள்ளினால் பெரும்பாலும் இதுதான்.

ஷூ இந்த வலியைக் கிளறிவிட்டிருக்கிறது. இரும்பு முள் புல்தரைக்கும் ஈரமண்ணுக்கும் உரியது. கோடையில் நம் வேலூர்ப் பக்கத்து மைதானம் சிமெண்டுத் தரை மாதிரி கிடக்கும். முள் எங்கே இறங்கும்? காலில் விழும் அடியெல்லாம் குதிகாலுக்குப் போகிறது. அமெரிக்காவின் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் ஆட்டங்களில்கூட 12 வயது வரையான பிரிவுகளில் இரும்பு முள்ளுக்கு அனுமதி இல்லை. அடியில் சின்னச்சின்ன ரப்பர் குமிழ்கள் நிறைய உள்ள டர்ஃப் ஷூ போதும்.

பெரிய சைஸ் வேண்டவே வேண்டாம். உள்ளே கால் வழுக்கினால் கொப்புளம் வரும், கணுக்காலும் பிசகும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது, ஆடும்போது போடுகிற சாக்ஸோடு கடைக்கு அழைத்துப் போங்கள். நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். நடக்கும்போது குதிகால் மேலே எழக்கூடாது. ஷூவை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள்.

ஷூ நாள்பட உழைக்க வேண்டும் என்றால், முன்முனையில் ரப்பர் காப்பு உள்ளதா, சோல் ஓரம் தையல் போட்டதா என்று கவனியுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் ஒருவராவது உங்களுக்கு இருப்பார். கடைக்காரரைவிட அவர் சரியாகச் சொல்வார். வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு தார்ரோட்டில் நடந்தால் எந்த ஷூவும் தேய்ந்துவிடும். நனைந்தால் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். மே மாத வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும்.

வலிக்கு, ஆடி வந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். காலையும் மாலையும் சுவரைப் பிடித்துக் கெண்டைச்சதையை நீட்டும் பயிற்சி. ஷூவுக்குள் குதிகாலைத் தாங்கும் மெத்தென்ற ஜெல் ஹீல் கப் வைக்கலாம். இரவில் வலித்து எழுந்தாலோ, வீக்கமோ காய்ச்சலோ இருந்தாலோ, நொண்டி நடந்தாலோ எலும்பு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.